விடியும்வரை விவாதம்

டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத் தேர்தலுக்கு ஓரிரு நாள் முன்னதாக ஒரு தூங்கா இரவு வரும். ஜீலம் விடுதியருகே டஃப்லி முழங்க, தலைவர் பதவிக்குப் போட்டியிடும் அனைவரும் ஒரே மேடை ஏறுவார்கள். முதலில் பேச்சு. பிறகு ஒருவரையொருவர் குறுக்குக் கேள்வி. கடைசியில் மாணவர்கள் கேட்பார்கள்: விடுதிச் சாப்பாடு முதல் பாலஸ்தீனம் வரை. நடத்துவது மாணவர்களே அமைத்த தேர்தல் குழு.

2015ல் அந்த மேடையில் கன்னையா குமார் பேசினார். பெரிய பலமில்லாத அமைப்பின் வேட்பாளர். பிகாரில் அங்கன்வாடி ஊழியரின் மகன். அந்தப் பேச்சுதான் அவரை ஜெயிக்க வைத்தது என்று வளாகத்தில் பலரும் சொன்னார்கள்.

அதே பேச்சாற்றலோடு 2019ல் சொந்த ஊரான பேகூசராயில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் மக்களவைக்கு நின்றார். கூட்டம் திரண்டது, கைதட்டியது. வாக்கு என்னவோ பா.ஜ.க.வின் கிரிராஜ் சிங்குக்குப் போனது. வித்தியாசம் 4.22 லட்சம்! 2024ல் வடகிழக்கு டில்லியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றபோதும் தோல்வி. வென்றவர் போஜ்புரிப் பாடகர் மனோஜ் திவாரி.

ஜாதியும் பிரசார பலமும்தான் காரணம் என்று கதையை முடித்துவிடலாம். (பேகூசராயில் அவர், கிரிராஜ் இருவருமே பூமிகார்கள்.) ஆனால் வாக்காளரின் கணக்கில் நியாயம் இருக்கிறது. மாணவர் தலைவர் சொன்னதைச் செய்யாவிட்டால் மறுநாள் சாப்பாட்டுக் கூடத்திலேயே பிடித்துக் கேட்கலாம். எம்.பி. அப்படியா? 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். சபையில் கை தூக்கப்போவது கட்சி என்றால், வேட்பாளரின் சொந்தக் கருத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? 2019ல் பேகூசராய் முன் இருந்த கேள்வி, மோடி மீண்டும் பிரதமராக வேண்டுமா என்பதுதான். அதற்கு நாவன்மை தேவைப்படவில்லை.

2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடியையும் ராகுல் காந்தியையும் நேருக்கு நேர் விவாதிக்க அழைத்தார்கள். ராகுல் சம்மதித்தார். அவர் என்ன பிரதமர் வேட்பாளரா என்று கேட்டது பா.ஜ.க. தட்டிக்கழிக்கும் பதில்தான் என்றாலும், அதற்கு எதிரணியிடம் நேரான விடை இல்லை. விவாதம் நடக்கவில்லை.

தொகுதி அளவிலாவது மேடை போடலாம். அங்கே முதலில் கேட்கவேண்டியது, 'கட்சி ஒன்று சொல்லி, தொகுதி வேறொன்று சொன்னால் எந்தப் பக்கம்?' என்பது. நம்பிக்கை வாக்கு, நிதி மசோதா போன்றவற்றுக்கு மட்டும் கொறடா உத்தரவு போதும் என்று காங்கிரஸ் எம்.பி. மனீஷ் திவாரி 2010லேயே தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.