தொலைந்த சாவிக்கு இரண்டு சாட்சிகள்

வங்கிக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும், ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரின் மடிக்கணினி திருடுபோய், அதோடு அவருடைய ரகசியச் சாவியும் போய்விட்டால் அப்படி ஒரு வழி கிடையாது. அந்தச் சாவிக்கு நகல் வேறு யாரிடமும் இல்லை. இருக்கவும் கூடாது.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனை ஏறக்குறைய ஆயிரம் பேர் பல நாடுகளில் இருந்தபடி பராமரிக்கிறார்கள். பலர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒரு மென்பொருளை இன்னார்தான் அனுப்பினார் என்பதற்கு அத்தாட்சி, அவர் போடும் டிஜிட்டல் கையொப்பம். பில் ஜிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பி.ஜி.பி.யின் வழிவந்த முறை இது. ரகசியச் சாவியால் போட்ட கையொப்பத்தை, அதன் ஜோடியான பொதுச் சாவியைக் கொண்டு யாரும் சரிபார்க்கலாம்.

வன்தட்டு பழுதாகிச் சாவி அழிந்தால் நஷ்டம் உரியவருக்குத்தான்: இனி கையொப்பமிட முடியாது, பழைய மறையாக்க மின்னஞ்சல்களைத் திறக்கவும் முடியாது. அடுத்தவர் கையில் சிக்கினால் கதையே வேறு. சாவி செல்லாது என்று உடனே அறிவிக்க வேண்டும். அதற்கு அதே ரகசியச் சாவி வேண்டும், இல்லாவிட்டால் முன்கூட்டியே எடுத்துவைத்த ரத்துச் சான்றிதழ் வேண்டும். சாவிகளை உருவாக்கப் பயன்படும் குனூ பி.ஜி. மென்பொருள் 2.1 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே உருவாக்கித் தருகிறது. ஆனால் அது இருப்பதும் அதே கணினியில்தான்! சில வரி எழுத்துதான். தாளில் அச்சிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

அடுத்தது புதுச் சாவி. யார் பெயரிலும் ஒரு நிமிடத்தில் உருவாக்கிவிடலாம் என்பதுதான் சிக்கலே. “நான்தான், இது என் புதுச் சாவி” என்று உரியவர் எழுதும் அதே கடிதத்தை மோசடிக்காரனும் எழுதுவான். அதனால் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இருவராவது புதுச் சாவியில் கையொப்பமிட வேண்டும் என்கிறது டெபியன். வழக்கமாக நேரில் சந்திப்பார்கள். கடவுச்சீட்டைக் காட்டியபின், சாவியின் கைரேகை எனப்படும் 40 எழுத்துகளை நான்கு நான்காக ஒருவர் வாசிக்க, மற்றவர் தாளில் விரல் வைத்துத் தொடர்வார். “பி-யா, டி-யா?” என்று இடையில் நிறுத்திக் கேட்பார். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு சாவி.

அருகில் உறுப்பினர் யாரும் இல்லாத ஊர்க்காரர் டெபியன்காரர்கள் கூடும் டெப்கான்ஃப் மாநாடு வரும்வரை காத்திருக்க நேரலாம். 2023 செப்டம்பரில் அது கொச்சியில் நடந்தது. பழைய சாவியில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கையொப்பங்களும் புதியதற்கு வந்து சேராது. கடுமைதான். ஆனாலும் இந்தத் தாமதத்தைக் குறையாக நான் நினைக்கவில்லை. அவசரப்படுத்தி உள்ளே நுழையப் பார்ப்பவனை நிறுத்துவது அதுதான்.

2011 ஆகஸ்டில், டெபியனுக்கும் அடித்தளமான லினக்ஸ் கெர்னலின் தலைமைச் சர்வர்களுக்குள் யாரோ புகுந்தது தெரியவந்தபோது, ஒரு சமூகமே இப்படி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்தச் சர்வர்களில் தங்கள் கணக்கு திரும்ப வேண்டுமானால் மற்றவர்கள் கையொப்பமிட்ட சாவி தேவை என்றானது. அக்டோபரில் பிராக் நகரில் கூடியவர்கள் ஒருவர் சாவியை ஒருவர் சரிபார்த்தார்கள். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸும் அந்தச் செப்டம்பரில் புதுச் சாவி உருவாக்கியிருந்தார். அதிலும் மற்றவர்கள் கையொப்பமிட்டார்கள்.