கடல் தேக்கை அடையாளம் காண்போம்

ஊசியிலை மரம் என்றவுடன் குளிர்நாட்டுப் பைன் மரமே பலரின் நினைவுக்கு வரும். ஆங் மோ கியோவில் ஓர் ஊசியிலை மரத்தைக் காட்டச் சொன்னால், மாணவர்கள் சவுக்கு மரத்தைக் காட்டக்கூடும். ஊசி போன்ற பச்சை இழைகளும் கூம்பு போன்ற சிறு காய்களும் அதற்கு உண்டு. ஆனால், சவுக்கு ஒரு பூக்கும் தாவரம். அதன் இழைகள் இலைகள் அல்ல. கணுக்கள் கொண்ட மெல்லிய கிளைகள். இழையை மெல்ல இழுத்தால் அது கணுவில் பிரிந்துவரும். உண்மையான இலைகள் கணுவைச் சுற்றிச் சிறு செதில்களாக இருக்கும்.

சிங்கப்பூரில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் ஒன்று உண்டு. அதுதான் கடல் தேக்கு. மலாய் மொழியில் இதனை 'ஜாத்தி லாவுட்' என்பர். பெயரில் தேக்கு இருந்தாலும், தேக்கு மரத்துக்கும் இதற்கும் உறவில்லை.

இதனை அடையாளம் காண, முதலில் இலையைப் பார்க்க வேண்டும். அது ஊசி போல் இராது. குறுகி நீண்டு, தடித்திருக்கும். இலைகள் கிளையைச் சுற்றிச் சுருளாக அமைந்திருக்கும். இலையின் நடுவில் ஒரே ஒரு நரம்பு ஓடும். அடுத்து, விதையைக் கவனிக்க வேண்டும். மரக்கூம்புக்குப் பதிலாக, சதைப்பற்றுள்ள ஒரு காம்பின்மேல் பச்சை விதை அமர்ந்திருக்கும். காம்பு பழுத்துச் சிவக்கும்போது பறவைகள் அதனை உண்டு விதைகளைப் பரப்புகின்றன. 'பொடோகார்பஸ்' என்னும் இதன் அறிவியல் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'காலுடைய கனி' என்று பொருள்.

தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கடல் தேக்கு உப்புக்காற்றைத் தாங்கக்கூடியது. அதனால் மணற்கரைகளிலும் கடலோரப் பாறைகளிலும் வளர்கிறது. ஆனால், சிங்கப்பூரில் அத்தகைய கரைகள் குறைந்துவிட்டன. நிலமீட்பினால் நாட்டின் பரப்பளவு சுமார் 580 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 730 சதுரக் கிலோமீட்டருக்கும் மேலாக வளர்ந்தது. அப்போது பழைய கரைகள் பல மறைந்தன. கடல் தேக்கும் இயற்கைச் சூழலில் அரிதாகியது. 2002ஆம் ஆண்டு இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்ட லாப்ரடார், முதன்மைத் தீவில் எஞ்சியுள்ள பாறைக்கரையைப் பாதுகாக்கிறது.

இன்று பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் கடல் தேக்கு நடப்படுகிறது. இதில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. இரண்டும் அருகருகே இருந்தால்தான் முளைக்கும் விதைகள் கிடைக்கும். எனவே, மரத்தை நட்டால் மட்டும் போதாது. அது ஆணா, பெண்ணா என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.