வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர்: வாங்குமுன் சிந்திப்போம்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. பல சிற்றூர்களில் மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்ற வழியின்றி, ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து குடிநீர் பெற்ற ஊர்கள் பல. அதற்கு முன்னரே, 2011 டிசம்பரில் கடலூர்ப் பகுதி 'தானே' புயலிலும், 2017 நவம்பர் இறுதியில் குமரி மாவட்டம் 'ஒக்கி' புயலிலும் இதே இருளைக் கண்டன. 2012ஆம் ஆண்டில் புயல் ஏதுமின்றியே தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியதையும் நாம் மறக்கவில்லை.

இத்தகைய நாள்களைக் கண்ட குடும்பத் தலைவர் ஒருவர், "நம் வீட்டிற்கும் ஒரு ஜெனரேட்டர் இருந்தால் என்ன?" என்று எண்ணுவது இயல்பே. வருமுன் காத்தல் நற்பண்பு. தலையான புண்ணியங்கள் நான்கனுள் விவேகம் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதும் காரணமின்றியன்று. ஆனால் விவேகம் பொருளை வாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. எதை வாங்குவது, எங்கே வைப்பது, எவ்வாறு இணைப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அது நிறைவு பெறுகிறது. இம்மூன்றில் ஒன்று தவறினும், இருளைப் போக்க வந்த இயந்திரம் உயிரையே போக்கிவிடக் கூடும்.

தேவை எது?

முதலில் நம் தேவையை அறிதல் வேண்டும். இரண்டு மூன்று மணி நேர மின்தடைக்கு ஜெனரேட்டர் தேவையில்லை. மின்கலத்துடன் கூடிய இன்வெர்ட்டரே போதும். இன்று நாம் அழுத்தத்தை அளக்கும் 'வோல்ட்' என்னும் அளவு, 1800ஆம் ஆண்டில் மின்கலத்தை உருவாக்கிய அலெசாந்திரோ வோல்டாவின் பெயரால் அமைந்தது. அவர் தம் கத்தோலிக்க விசுவாசத்தை எழுத்தில் வெளிப்படையாக அறிக்கையிட்ட அறிஞர்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தில் 1800 வாட்-மணி ஆற்றல் அடங்கும். இழப்புகள் போக ஏறத்தாழ 1200 வாட்-மணி நம் கைக்குக் கிடைக்கும் எனக் கொள்ளலாம். நான்கு விளக்குகளும் மூன்று மின்விசிறிகளும் அதில் நான்கு மணி நேரம் இயங்கும். ஓசையில்லை, புகையில்லை, எண்ணெய்ச் செலவுமில்லை. பெரும்பாலான நகர்ப்புற இல்லங்களுக்கு இதுவே தக்க தீர்வு.

ஆனால் மின்சாரம் ஒரு நாளுக்கு மேல் நின்றுவிடுமானால் இன்வெர்ட்டரும் கைவிரித்துவிடும். கடலோரப் பங்குகளில் வாழ்வோர், கிணற்று நீரை மோட்டாரால் இறைத்தே வாழ்வோர், மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியையோ குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய இன்சுலினையோ நம்பியுள்ள நோயாளரைப் பேணும் குடும்பத்தார் ஆகியோருக்கு ஜெனரேட்டர் ஆடம்பரமன்று, அவசியமே.

கணக்குப் பார்த்தல்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற கருத்தை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஜெனரேட்டர் வாங்குவோருக்கும் இது பொருந்தும். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு: 36 வாட். 75 வாட் மின்விசிறிகள் மூன்று: 225 வாட். தொலைக்காட்சி: 100 வாட். குளிர்பதனப் பெட்டி: 200 வாட். ஆக மொத்தம் 561 வாட். இங்கேதான் பலர் தவறுகின்றனர். மோட்டார் உள்ள எந்தக் கருவியும் புறப்படும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல் மூன்று நான்கு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். நம் குளிர்பதனப் பெட்டி அந்நொடியில் 800 வாட் கேட்குமெனின், மொத்தத் தேவை 1161 வாட் ஆகிறது.

கடைகளில் ஜெனரேட்டரின் திறன் கே.வி.ஏ. என்னும் அளவில் சொல்லப்படுகிறது. அதை 0.8ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். 2 கே.வி.ஏ. என்றால் 1.6 கிலோவாட், அதாவது 1600 வாட். மேற்கூறிய குடும்பத்திற்கு இது தாராளமாகப் போதும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள் மட்டுமே தாங்கக்கூடிய உச்சத் திறன். தொடர்ந்து தரக்கூடிய திறன் எவ்வளவு என்று கேட்டு அறிந்தே வாங்க வேண்டும்.

1 குதிரைத் திறன் நீர் மோட்டாரும் இயங்க வேண்டுமானால் கணக்கு மாறும். ஓடும்போது ஏறத்தாழ 1000 வாட் இழுக்கும் அது, புறப்படும்போது 3000 வாட்டையும் தாண்டும். ஏனைய கருவிகளை நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினாலும் 4 அல்லது 5 கே.வி.ஏ. தேவைப்படும். இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கருவி, குளிர்சாதனம் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதே சிக்கனம்.

எரிபொருளையும் எண்ணிப் பாருங்கள். 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓட்டினால் ஒரு வாரத்திற்கு 21 முதல் 42 லிட்டர் வேண்டும். எனவே இரவு முழுவதும் ஓட்டாமல், நீர் ஏற்றவும் குளிர்பதனப் பெட்டியைக் குளிர்விக்கவும் இன்வெர்ட்டரின் மின்கலத்தை நிரப்பவும் மட்டும் ஓட்டுவது அறிவுடைமை. நெடுநேரம் ஓட வேண்டிய பெரிய வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் டீசல் ஏற்றது.

எங்கே வைப்பது?

இனிச் சொல்லப்போவதை வீட்டிலுள்ள அனைவரும் கூடியிருக்கையில் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்பது நல்லது.

ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நாம் மூச்சுடன் அதை இழுக்கும்போது, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பிராணவாயு நுழைய இடமில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு ஆகியவை தோன்றும். விழித்திருப்பவருக்கே இவற்றின் காரணம் புரிவதில்லை. உறங்குபவரோ விழிப்பதே இல்லை. அமெரிக்க நாட்டில் மட்டும் சிறு ஜெனரேட்டர்களின் இந்நச்சுப் புகையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 பேர் இறக்கின்றனர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறுகிறது. அவர்களில் பலரும் நம்மைப் போலவே புயலுக்குப் பின் குடும்பத்தைக் காக்க ஜெனரேட்டரை இயக்கியவர்களே.

ஆகவே வரவேற்பறையிலோ, தாழ்வாரத்திலோ, மாடிப்படியின் கீழோ, வாகனக் கொட்டகையிலோ ஜெனரேட்டரை ஒருபோதும் ஓட்டலாகாது. "சன்னல்கள் திறந்துதானே இருக்கின்றன" என்பது போதிய மறுமொழியாகாது. வெளியே, கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும். புகை வரும் முனை நம் வீட்டையும் பார்க்கக் கூடாது, அண்டை வீட்டையும் பார்க்கக் கூடாது. மழை நனைக்காதபடி மேலே கூரையும், காற்று உலவ நாற்புறமும் திறப்பும், வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு மேடையும் அமைத்தல் நலம். அத்துணை இடமில்லாத வீட்டார் இன்வெர்ட்டரோடு அமைவதே பாதுகாப்பு.

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் எவருக்கேனும் தலை சுற்றினால், காரணம் ஆராய்ந்துகொண்டிராமல் அனைவரும் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். பாதிக்கப்பட்டவரை 108 வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எப்படி இணைப்பது?

இருமுனையிலும் பிளக் பொருத்திய ஒயரால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள மின்துளையோடு இணைத்து வீடு முழுவதையும் ஒளிரச் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எளிதான வழிதான், ஆனால் கொடிய வழி. அவ்வாறு நுழையும் மின்சாரம் நம் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. மெயின் சுவிட்சு திறந்திருந்தால் அது தெருக் கம்பிக்கு ஏறி, மின்மாற்றியை அடையும். 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்பக் குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, எதிர்த்திசையில் வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். அங்கே கம்பத்தின் உச்சியில், மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறவர் யார்? நமக்காகவே உணவும் உறக்கமும் துறந்து வந்திருக்கும் லைன்மேன். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு.

"நான் மெயினை அணைத்துவிடுவேன்" என்று சொல்லலாம். நாம் மறக்கும் நாளும் வரும். விவரம் அறியாத பிள்ளை அதைத் தட்டிவிடும் நாளும் வரும். மனித நினைவை நம்பாத வழி ஒன்று உண்டு. அதுவே சேஞ்ச்ஓவர் சுவிட்சு. அதன் கைப்பிடி ஒருபுறம் இருந்தால் மின்வாரிய மின்சாரம். மறுபுறம் திருப்பினால் ஜெனரேட்டர் மின்சாரம். இரண்டும் ஒருசேர இணைய அதில் வழியே இல்லை. பேஸ் கம்பியோடு நியூட்ரல் கம்பியையும் சேர்த்து மாற்றும் சுவிட்சாக அது இருத்தல் வேண்டும். ஜெனரேட்டருக்கு முறையான எர்த் இணைப்பும் வேண்டும். இவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். அதற்காகும் செலவு இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடச் சிறிது. அதை மிச்சப்படுத்துவது சிக்கனமன்று. அயலாரின் உயிரைப் பணயம் வைப்பதாகும். கொலை செய்யாதிருக்கக் கட்டளை பெற்ற நாம், கவனக்குறைவால் கொல்லாதிருக்கவும் கடமைப்பட்டவர்கள்.

பேணுதல்

வாங்கி மூலையில் போட்ட ஜெனரேட்டர் வேண்டிய நாளில் இயங்காது. மாதம் ஒருமுறை, சில விளக்குகளும் மின்விசிறிகளும் சுழல, 10 அல்லது 15 நிமிடங்கள் ஓட்டுங்கள். என்ஜின் ஆயிலின் அளவை ஒவ்வொரு முறையும் பாருங்கள். புதிய இயந்திரத்தில் முதல் 20 மணி நேர ஓட்டத்திற்குப் பின் அதை மாற்றுதல் பொது வழக்கம். பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் கெட்டுக் கார்புரேட்டரை அடைக்கும். எனவே பழையதை வடித்துவிடுங்கள். ஓடும் இயந்திரத்திலும் சூடு ஆறாத இயந்திரத்திலும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். பெட்ரோல் கலத்தைச் சமையலறையிலும், பீடத்து மெழுகுவர்த்திக்கு அருகிலும் வைக்காதீர்கள்.

ஓசையும் ஒரு பொருட்டே. 2005ஆம் ஆண்டு முதல் தயாராகும் வீட்டளவு டீசல் ஜெனரேட்டர்களின் ஓசை, கூட்டிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மிகலாகாது என்பது நம் நாட்டு விதி. அடுத்த வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ உறங்குகையில், நள்ளிரவில் நம் தொலைக்காட்சிக்காக இயந்திரத்தை முழங்க விடுவது அன்பாகாது.

அயலாரும் நாமும்

மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியரின் உவமையை அறியாதார் இலர். முன்மதியுள்ள ஐவரும் தம் எண்ணெயைப் பிறருக்குப் பகிர இயலவில்லை. நமக்கோ அந்த நற்பேறு உண்டு. நம் வீட்டில் ஜெனரேட்டர் ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில், அண்டை வீட்டாரின் கைப்பேசிகளுக்கு மின்னேற்றலாம். அவர்தம் இன்சுலினை நம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காக்கலாம். ஆஸ்துமாவால் துன்புறும் குழந்தைக்கு நம் கூடத்தில் ஆவி மருந்து தரலாம். கிணற்றிலிருந்து தெருவுக்கே நான்கு குடம் நீர் தரலாம். ஒயரை அடுத்த வீட்டிற்கு இழுப்பது ஆபத்து. அடுத்த வீட்டாரை நம் இல்லத்திற்கு அழைப்பதே முறை. மாலையில் அவர்களும் நம்மோடு அமர்ந்து செபமாலை சொல்லட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு மாலை வேளையில் குடும்பத்தார் கூடி அமருங்கள். தேவைக் கணக்கை எழுதுங்கள். 20 அடியை நாடாவால் அளந்து பாருங்கள். சேஞ்ச்ஓவர் சுவிட்சு இல்லையெனில், முதலில் மின்பணியாளரை அழையுங்கள். ஜெனரேட்டரைப் பின்னர் வாங்கலாம்.