கடப்பிதழ் யார் கையில்?

மனிதக் கடத்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது பெர்லிஸ் எல்லையிலுள்ள வங் கெலியான். 2015ஆம் ஆண்டு மே மாதம் அங்குள்ள காட்டில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆனால், இக்குற்றம் காட்டுக்குள் மட்டுமே நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. முறையான விசாவுடன் விமானத்தில் வந்திறங்குபவரும் இதில் சிக்குகிறார்.

எப்படி? ஊரிலேயே முகவருக்குப் பணம் கட்ட வேண்டும். நிலத்தை விற்றோ வட்டிக்கு வாங்கியோ கட்டுகிறார். இங்கு வந்தால் சொன்ன வேலையும் இல்லை, சொன்ன சம்பளமும் இல்லை. திரும்பிப் போகலாமென்றால் ஊரில் கடன் நிற்கிறது, கடப்பிதழோ முதலாளியிடம். இதற்குமேல் அவரை அறையில் வைத்துப் பூட்ட வேண்டிய தேவையே இல்லை.

நம் முன்னோர் கதையும் இதுதானே! ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் கப்பல் செலவு கடனாக எழுதப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. மலாயாவில் இந்தியருக்கான அம்முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அந்த வழியில் வந்த நம்மவர் கடைகளிலும் இன்று, "பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்ற பேச்சைக் கேட்கிறோம். ஆள் ஓடிவிடக் கூடாது என்பதே அதன் பொருள். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, உரிய அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம்.

சட்டத்திற்குக் குறைவில்லை. பாதிக்கப்பட்டவர் முதலில் சம்மதித்துத்தான் வந்தார் என்ற வாதத்தை 2007ஆம் ஆண்டு மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டம் ஏற்பதில்லை. சட்டவிரோதமாக நுழைந்ததற்காக அவர்மீது வழக்குத் தொடுக்கவும் அது இடம் தரவில்லை. சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. கடத்தப்பட்டவர் என்று அதிகாரிகள் அடையாளம் கண்டால்தானே அந்தப் பாதுகாப்பு? ஆவணமும் மொழியும் இல்லாமல் சோதனையில் பிடிபடுபவர் எளிதில் 'கள்ளக் குடியேறி' ஆகிவிடுகிறார். அடையாளம் காணப்பட்டவர்களும் முன்பு காப்பகத்திலேயே அடைந்து கிடந்தனர். அவர்கள் வெளியே சென்று வேலை செய்ய 2015ஆம் ஆண்டுத் திருத்தமே வழிவிட்டது. வருமானமின்றிச் சாட்சி சொல்ல யார் காத்திருப்பார்?

என்னைக் கேட்டால், கடனை உடைப்பதே முதல் தீர்வு. 2020 ஜூலையில் டாப் குளோவ் நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்கள் தயாரித்த கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. கடன்பிணைப்பும் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்ததும் காரணங்களுள் அடங்கும். 2021 செப்டம்பரில் தடை நீங்குவதற்குள் தொழிலாளர்களுக்கு 3 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகமான தொகை ஈடாக வழங்கப்பட்டது. கொடுக்க முடியும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் ஆள்சேர்ப்புச் செலவை முதலாளியே தொடக்கத்தில் ஏற்கட்டும்.

அடுத்தது மொழி. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளியை விசாரிக்கும்போது தமிழும் மலாயும் அறிந்த ஒருவர் அருகில் இருந்தால், அவர் சொல்வது சரியாகப் பதிவாகும். இதற்கு நம் பேரவையே தன்னார்வலர் பட்டியலொன்றைத் தயாரித்துத் தொழிலாளர் உதவி அமைப்புகளிடம் கொடுக்கலாம்.