மிட்ஜர்னி 10 டாலர் பிளான் போதுமா? ஆபீஸ் வேலைன்னா கணக்கே வேற

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட், லீவு நாளில் கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைன். இப்படி சைடு இன்கம் பார்க்கிறவங்க ஏஐ படத்துக்கு மிட்ஜர்னியில் எந்த பிளான் எடுக்கலாம்?

மாசத்துக்கு பேசிக் 10 டாலர், ஸ்டாண்டர்ட் 30, ப்ரோ 60, மெகா 120. டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்குவோம். பேசிக் 900 ரூபாய்தானேன்னு நினைக்காதீங்க. 18% ஜிஎஸ்டி, அதுக்கு மேல கார்டு பேங்க் போடுற ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5%, அந்த மார்க்அப்புக்குத் தனியா ஜிஎஸ்டி. சுமார் 1,105 ரூபாய் ஆகும்.

பேசிக்கில் கிடைப்பது மாசம் 200 நிமிஷ ஃபாஸ்ட் நேரம். ஒரு தடவை கேட்டா நாலு படம் வரும், சுமார் ஒரு நிமிஷம் கழியும். மிச்சம் அடுத்த மாசத்துக்கு வராது. லீவு நாள் வேலைக்கு இதுவே தாராளம். தமிழ் எழுத்தை மட்டும் அதுகிட்ட விடாதீங்க, குதறி வெச்சிடும். படத்தை எடுத்துட்டு எழுத்தை நீங்களே போடுங்க.

வருஷ பிளான் எடுத்தா 20% தள்ளுபடி: 120 டாலருக்குப் பதில் 96. ஆனா ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆர்டர் படுத்துக்கிற மூணு மாசம் நிறுத்தி வெச்சா, மீதி ஒன்பது மாசத்துக்கு 90 டாலர்தான். அதாவது பத்து மாசமாவது உபயோகிச்சாத்தான் வருஷ பிளான் லாபம். இன்னொண்ணு, 96 டாலர் எல்லாம் சேர்த்து சுமார் 10,600 ரூபாய். ஆர்பிஐ விதிப்படி 15,000 ரூபாய் வரைக்கும் ஆட்டோ டெபிட்டுக்கு ஓடிபி தேவையில்லை. 24 மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். அதை நைட் ஷிப்ட் தூக்கத்தில் தவறவிட்டா அடுத்த வருஷப் பணமும் போயிடும்.

இனிமேதான் முக்கியமான விஷயம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். "தம்பி, உன்கிட்டதான் அந்த ஏஐ இருக்கே, ஒரு போஸ்டர் போட்டுக் குடு"ன்னு மேனேஜர் கேட்பார். மிட்ஜர்னி விதியைப் படிங்க: வருஷ வருமானம் 10 லட்சம் டாலர், அதாவது நம்ம கணக்கில் 9 கோடி ரூபாய், தாண்டுற கம்பெனியோ அதன் ஊழியரோ ப்ரோ அல்லது மெகா எடுத்திருந்தாத்தான் படம் அவங்களுக்குச் சொந்தம். இந்த ஏரியாவில் பெரிய ஃபேக்டரி எதுவும் அந்த 9 கோடிக்குக் கீழே இருக்காது. போதாததுக்கு, பேசிக்கில் போடுற படம் எல்லார் கண்ணிலும் படும். மறைக்கிற ஸ்டெல்த் வசதி ப்ரோவிலிருந்துதான். பிளான்ட் போட்டோவை அதில் ஏத்தினா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

அதனால ஆபீஸ் வேலைக்கு உங்க கார்டைத் தேய்க்காதீங்க. கம்பெனி தன் ஜிஎஸ்டி நம்பரில் வாங்கினா ரிவர்ஸ் சார்ஜில் வரியைக் கட்டி, தகுதி இருந்தா கிரெடிட்டா எடுத்துக்கும். உங்களுக்கு அந்த வழி இல்லை. சம்பள வருமானத்தில் இந்தச் செலவைக் கழிக்கவும் முடியாது. டிசைன் வருமானத்தை பிசினஸ் வருமானமா காட்டி, வரவு செலவு எழுதி வெச்சாத்தான் அதுக்கு எதிரா கழிக்கலாம். பில்லை ஒரு ஃபோல்டரில் போட்டு வைங்க, ஜூலையில் தேட வேண்டாம்.