ஆஹனுக்கு வழி லாச்சப்பலா?

போன மாசி மாதம் பரிஸ் லாச்சப்பலில இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுப்போட்டு, பக்கத்திலயே இருக்கிற கார் டு நோர் நிலையத்துக்கு நடந்து போனேன். நான் படிக்கிற ஆஹன் நகரத்துக்கு அங்கேயிருந்துதான் ரயில். அடுத்த நாள் காலை எட்டரைக்குச் சோதனை. ரிக்கற் எடுத்துத் தந்தவர் பெரியம்மாவின் மகன். நிலையத்தில் வைத்துத்தான் அதை விரித்துப் பார்த்தேன். போய்ச் சேருமிடம்: எக்ஸ்-லா-சப்பல்.

எனக்குத் தலை சுத்திச்சு. சாப்பிட்ட இடமும் லாச்சப்பல், போற இடமும் லாச்சப்பலோ? அண்ணா பிழையா எடுத்துப்போட்டார் எண்டு ஃபோன் அடிச்சா, அவர் வேலையில, எடுக்கேல்லை. கவுண்டரில் நீண்ட வரிசை. என் முறை வந்தபோது அங்கிருந்த அம்மா ரிக்கற்றைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். "ஆஹனைத்தான் நாங்கள் அப்படிச் சொல்லுவம்" என்றார். ரயில் போய் ஆறு நிமிசம்!

இரவு பஸ்ஸில் நித்திரை வரவில்லை. கோபத்தில் இந்தப் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆஹனில் நிலத்தடியிலிருந்து வெந்நீர் வரும். சில ஊற்றுகளில் 70 பாகைக்கும் மேலே சூடு. கந்தக மணம், கூழ்முட்டை மாதிரி. (முதல் நாள் மணந்தபோது குழாய் உடைஞ்சுபோச்சு எண்டுதான் நினைச்சன்.) ரோமர்கள் இங்கே குளியல் மண்டபங்கள் கட்டினார்கள். ஊருக்கு வந்த லத்தீன் பெயர் 'அக்குவே கிரானி', அதாவது கிரானுஸின் நீர். கிரானுஸ், நோய் தீர்க்கும் கெல்ட்டியக் கடவுள். ஸ்பானியர் இன்றைக்கும் அக்கிஸ்கிரான் என்கிறார்கள், இத்தாலியர் அக்விஸ்கிரானா, போலந்துக்காரர் அக்விஸ்கிரான். தூரத்து ஆட்கள் கடவுளை விடவில்லை. ஊரில் இருக்கிற ஜேர்மன்காரர் அவரை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பழைய ஜேர்மனில் 'ஆஹா' என்றால் நீர். எல்லைக்கு அங்கால் டச்சுக்காரருக்கு ஆக்கன்.

குளியல் ஊர்களின் பெயருக்கு முன்னால் 'பாட்' போடுவது ஜேர்மன் வழக்கம். ஆஹன் போடாததற்குக் காரணம், போட்டால் அகரவரிசையில் முதலிடம் போய்விடும் என்று இங்கே ஒரு பகிடி.

பிரெஞ்சு எக்ஸும் அதே லத்தீன் தண்ணீர்தான், தேய்ந்து தேய்ந்து ஓரசையாகிவிட்டது. தெற்கே எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் என்று இன்னொரு எக்ஸ் இருப்பதால், வித்தியாசம் காட்ட இதற்கு ஒரு வால் வேண்டியிருந்தது. பேரரசர் சார்லமேன் தன் அரண்மனையோடு சேர்த்துக் கட்டிய சிற்றாலயம் அந்த வாலானது. 814இல் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

இனித்தான் விசயம். சப்பல் என்றால் சிற்றாலயம். அந்தச் சொல்லின் மூலமான 'கப்பெல்லா'வோ லத்தீனில் சின்னப் போர்வை. புனித மார்ட்டினின் போர்வையை பிராங்கிய அரசர்கள் பாதுகாத்து வைத்திருந்த இடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டி, பிறகு எல்லாச் சிற்றாலயங்களுக்கும் பரவிவிட்டது. 1860இல் பரிஸோடு சேர்க்கப்பட்ட லாச்சப்பல் கிராமத்தின் பெயரும் அதே சொல்தான். அப்ப, நான் இடியப்பம் சாப்பிட்ட இடத்துக்கும் ரிக்கற்றில் இருந்த ஊருக்கும் உண்மையிலேயே சொந்தம் இருக்கு!

விடிய ஆறு மணிக்கு பஸ் ஆஹனில் இறக்கிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு சோதனைக்கு ஓடினேன், மயிரிழையில் பாஸ். ரிக்கற் காசு போனது போனதுதான். அண்ணாவுக்கு இன்னும் சொல்லேல்லை. இதை வாசிச்சா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா :-)