டப்பாப் பாலும் தாய்ப் பாலும்

சென்னையிலிருந்து காஞ்சீபுரத்துக்குப் போகும் வழியில், உடையவர் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களே அங்கு வந்து இறங்குவார்கள். இன்றோ பொழுது புலருமுன்பே கம்பெனி பஸ்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷம் முதலும், ஒரகடத்தில் 2010-ஆம் வருஷம் முதலும் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகி வருகின்றன. சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசிகளை இணைத்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்களே.

டன் டன்னாக இரும்பு வந்து இறங்கும் சீமை அது. ஆனால் ஒரு குழந்தைக்கு வேண்டிய இரும்பை மில்லிகிராம் கணக்கில்தான் எடை போடவேண்டும். அந்தச் சொற்ப இரும்பு கிடைக்காமல்தான் நம் குழந்தைகள் வெளுத்துப் போகின்றன. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தாய்மாரும் அதே நிலைமைதான்: 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர்.

இந்த நிலைமையில், "இரும்புச் சத்து சேர்த்தது" என்று அச்சிட்ட பால் மாவு டப்பாவைக் கண்டதும் வேலைக்குப் போகும் தாய்க்கு ஆசை எழுவது இயல்புதானே? ஷிப்டுக்குப் புறப்படும் மருமகளிடம், "நீ கவலைப்படாமல் போய் வா, அம்மா! டப்பாப் பால் இருக்கிறது" என்று மாமியார் தைரியம் சொல்வதும் இயல்புதான். அந்தத் தைரியம் எவ்வளவு தூரம் சரி என்பதைப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்லுகிறது?

தாய்ப் பாலில் இரும்பு குறைவு என்பது மெய். ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இராது. டப்பாப் பாலிலோ லிட்டருக்கு நான்கு முதல் பன்னிரண்டு மில்லிகிராம் வரையில் சேர்க்கிறார்கள். ஆயினும் தாய்ப் பாலிலுள்ள இரும்பில் ஏறக்குறையப் பாதியைக் குழந்தையின் குடல் ஏற்றுக்கொள்கிறது. டப்பாப் பாலிலுள்ள இரும்பில் சிறு பகுதியே உடம்பில் ஒட்டுகிறது. மேலும், நிறை மாதத்தில் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலேயே இரும்பைச் சேமித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. பிறந்தவுடன் தொப்புள் கொடியைக் கட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிஷம் பொறுத்தால் அந்தச் சேமிப்பு இன்னும் பெருகும். முதல் நாலைந்து மாதங்களுக்கு இந்த முதலே குழந்தையைக் காப்பாற்றுகிறது.

டப்பாப் பாலே கூடாது என்று சொல்ல வரவில்லை. தாயை இழந்த சிசுவுக்கும், வைத்தியக் காரணங்களால் தாய்ப் பால் கிடைக்காத சிசுவுக்கும் அது பெரிய உதவி. அத்தகைய குழந்தைக்கு இரும்பு சேர்த்த பால் மாவு ரத்தசோகையைக் குறைக்கிறது என்பது பல ஆராய்ச்சிகளில் ருசுவான விஷயம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பசும்பாலைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். பசும்பாலில் இரும்பும் சொற்பம். சில சிசுக்களுக்கு அது குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

ஆனால் மிகுதியாகச் சேர்த்தால் மிகுதியான நன்மை என்பது இல்லை. தென் அமெரிக்காவில் சிலி தேசத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆறு மாதக் குழந்தைகளில் ஒரு சாராருக்கு லிட்டருக்கு 12 மில்லிகிராமுக்கு மேலும், மற்றொரு சாராருக்கு 2.3 மில்லிகிராமும் இரும்புள்ள பாலைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பத்து வயதானபோது மறுபடியும் சோதித்தார்கள். ஏற்கெனவே ரத்தத்தில் இரும்பு நிறைந்திருந்து, அதிக இரும்பும் பெற்ற குழந்தைகள் புத்திப் பரீட்சைகளில் பின்தங்கியிருந்தன. குறைவாக இருந்தவைகளுக்கோ அதே இரும்பு நன்மை செய்தது. 2012-இல் வெளியான இந்த முடிவு, மருந்தை நோயறிந்து கொடுக்க வேண்டும் என்ற நம் பழைய வைத்திய நியாயத்தையே சொல்லுகிறது.

வளர்ச்சியும் அப்படித்தான். புரதம் மிகுந்த பால் மாவு உண்ட குழந்தைகள் இரண்டு வயதில் எடை கூடியிருந்தன, உயரம் கூடவில்லை என்று ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் நடந்த ஆராய்ச்சி 2009-இல் காட்டிற்று. கொழுகொழுவென்று இருப்பதெல்லாம் வளர்ச்சியாகாது! அன்றியும், டப்பா நெடுநாள் வரவேண்டுமென்று மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால், சேர்த்த சத்தெல்லாம் நீரோடு போயிற்று. தண்ணீர் சுத்தமாயில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு.

ஆறு மாதத்துக்குப் பின்

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப் பாலோடு உணவும் வேண்டும். சேமித்த இரும்பு அப்போது தீர்ந்துவிடும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்த கூழ் நம் பாட்டிமார் கண்ட முறை. முளைகட்டுவதால் இரும்பை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கும் பொருள் குறைகிறது. பருப்பு, முருங்கைக் கீரை, முட்டை, புலால் உண்போர் வீட்டில் ஈரல், இவற்றோடு சில சொட்டு எலுமிச்சம் பழச் சாறு சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். இதோடு, 2018-இல் வகுத்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி, அதாவது 20 மில்லிகிராம் இரும்புள்ள மருந்து கொடுக்கவேண்டும்.

சட்டமும் ஷிப்டும்

பால் மாவு விளம்பரத்தையும், இலவச மாதிரி வழங்குவதையும், டப்பாவின்மேல் குழந்தைப் படம் போடுவதையும் 1992-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் தாயைக் குழந்தையிடமிருந்து பிரிப்பது விளம்பரம் மட்டுமா? 2017-இல் பிரசவ விடுமுறையை 26 வாரமாக உயர்த்தினார்கள். அது சரியாக ஆறு மாதம். தாய்ப் பால் மட்டுமே கொடுக்கவேண்டிய காலமும் அதுவே. எனினும் கால் வீக்கத்தோடு நின்று வேலை செய்ய முடியாதவள் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், மிஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு நாலரை மாதம் நிறையுமுன் அவள் மீண்டும் பஸ் ஏறவேண்டும்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிலகத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் தினம் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்பதும் சட்டமே. காப்பகம் கிட்டாதவள் பாலைக் கறந்து வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்; அதிக வெப்பமில்லாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் ஒரு நாளும் கெடாது. ஆனால் வேலைக்கு நடுவே பால் கறக்க மறைவான ஓர் அறையும் பத்து நிமிஷ ஓய்வும் வேண்டாமா? சில மாத ஒப்பந்தத்தில் வந்தவளுக்கோ, விடுமுறை கேட்டால் வேலையே போய்விடுமோ என்ற பயம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில், அந்தத் தொழிற்சாலைகளில் எஞ்சினீயர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருப்போர் உண்டு. அவர்கள் நாளைக் காலையில் தங்கள் தொழிற்சாலையில் காப்பகம் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும். அதில் தொட்டில் இருக்கிறதா, ஒப்பந்தப் பெண்களின் குழந்தைகளுக்கும் இடமுண்டா என்றும் விசாரிக்கட்டும். தேசத்துக்கு மோட்டார் வண்டியும் கைப்பேசியும் செய்து தரும் கைகள், தம் சிசுவை எடுத்து அணைக்க அந்த அவகாசமாவது பெறவேண்டும்.